குடும்பத்தாரின் சொந்த வார்த்தைகளில்

உலகத்தில் பேசுகிறவர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. பேசாமல் இருக்கிறவர்கள் என்று இன்னொரு கூட்டம் உண்டு. இந்த இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவைதான். மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது. அதை இதுவரை யாரும் சரியாகக் கணக்கெடுத்ததில்லை. பேசாதவர்களுக்காகப் பேசுகிறவர்கள். மரியாதையாகச் சொன்னால், பரிந்து பேசுகிறவர்கள்.

இவர்களை அடையாளம் காண்பது சுலபம். நீங்கள் கடையில் சட்டைத் துணியை விரித்துப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்; "அவருக்கு நீலம் பிடிக்காதுங்க, வேற காட்டுங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும், உங்களுக்கு நீலம் பிடிக்காது என்பது அப்போதுதான் உங்களுக்கே தெரியவரும். நீங்கள் கூட்டத்தில் எழுந்து தொண்டையைச் செருமுவீர்கள்; "இவர் சொல்ல வர்றது என்னன்னா…" என்று பக்கத்து நாற்காலி ஆரம்பித்துவிடும், நீங்கள் தொண்டையைச் செருமியதோடு உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். "பாவம், அவருக்குப் பேச வராது" என்பார்கள். வருமா வராதா என்று யாராவது சோதித்துப் பார்த்தார்களா? நேரம் எங்கே இருக்கிறது?

கெட்ட மனிதர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தங்கமான மனிதர்கள். அதுதான் சிக்கல். கெட்டவர்கள் வாயை அடைத்தால் சண்டை போடலாம். நல்லவர்கள் அடைத்தால் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த இனத்தில் இளங்குருத்தாக ஒருத்தி இருந்தாள். வயது இருபத்திரண்டு. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கடைசி ஆண்டு. ஒரு தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் மூன்று மாதப் பயிற்சி. பள்ளிக்கு வந்த மூன்றாம் நாளே அவளுக்கு 'வக்கீலம்மா' என்று பெயர் விழுந்துவிட்டது. கிண்டலாக வைத்த பெயர்தான். அவள் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டாள்.

திறமை திடீரென்று வந்ததல்ல, வீட்டிலேயே பழகியது. போன வருடம் அவளுடைய அப்பாவுக்குப் பல்வலி. பல் டாக்டரின் சாய்வு நாற்காலியில் அப்பா வாயை ஆவென்று திறந்து வைத்திருந்தார். பேச முடியாத மனிதர், அதுவும் சொந்த அப்பா. இப்படியொரு சந்தர்ப்பத்தை விடுவாளா? "இடது பக்கம், டாக்டர். கீழ இருந்து ரெண்டாவது. குளுந்த தண்ணி பட்டா உயிர் போகுதுன்றார்" என்று எதிரே நின்று விளக்கினாள். அவள் சொன்ன இடது பக்கம், அவள் நின்ற இடத்திலிருந்து பார்த்த இடது பக்கம். டாக்டர் மரத்துப்போக ஊசி போட்ட பிறகு, அப்பா கையை வேகமாக ஆட்டியதை அவள் வலியின் அறிகுறி என்றே டாக்டருக்கு எடுத்துச் சொன்னாள். கன்னம் மரத்து, வலி மட்டும் மரக்காமல் வீடு வந்து சேர்ந்த அப்பா, நாக்கு ஒரு வழிக்கு வந்ததும் கேட்டார்:

"ஏம்மா, வலிச்சது என் பல்லுதானே?"

"உங்களுக்காகத்தானேப்பா சொன்னேன்!" என்றாள். கண்ணில் தண்ணீர் கூட வந்துவிட்டது. அப்பா என்ன செய்வார்? சமாதானப்படுத்தினார்.

இப்படிப்பட்டவளுக்குக் கல்லூரியில் ஒரு பாடமே வந்து வாய்த்தது. குழந்தைகளுக்காகவும் குடும்பங்களுக்காகவும் பரிந்து பேசக் கற்பது. அதற்கு ஒரு பதிவேடு. பச்சை அட்டை, முப்பத்திரண்டு பக்கம். பயிற்சி முடிவதற்குள் ஏதாவது ஒரு குழந்தைக்காகப் பேசி, ஒரு காரியத்தைச் சாதித்து, அதைப் பதிவேட்டில் எழுதி, கல்லூரியிலிருந்து வரும் மேற்பார்வையாளரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கினால்தான் தேர்ச்சி. குறை என்ன, எடுத்த முயற்சி என்ன, கிடைத்த பலன் என்ன என்று கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தார்கள். ஏழாவது கட்டத்தின் தலைப்பு: 'குடும்பத்தாரின் சொந்த வார்த்தைகளில்.'

சரி, பேச வாய் தயார். யாருக்காகப் பேசுவது?

இங்கேதான் அவளுக்குப் பெரிய சோதனை. வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். முப்பத்தெட்டும் ஈவிரக்கமில்லாமல் சௌக்கியமாக இருந்தன. ஒருவனுக்கு அழிப்பான் தொலைந்தது. அவள் குறிப்பெடுப்பதற்குள் அது அவன் சட்டைப்பையிலேயே கிடைத்துவிட்டது. ஒருத்தி அழுதாள், பதிவேட்டை எடுத்துக்கொண்டு ஓடினால், பல் ஆடுகிறதாம். பன்னிரண்டு நாள் இப்படிப் போயிற்று. உலகத்தில் இவ்வளவு அநியாயம் நடக்கிறது என்கிறார்களே, ஒன்று கூடவா இரண்டாம் வகுப்புப் பக்கம் வராது?

வந்தது. குடை பிடித்துக்கொண்டு வந்தது.

அந்தச் சிறுமியைப் பள்ளியில் எல்லோரும் குடைக்காரி என்பார்கள். வெயிலோ மழையோ, மடக்குக் குடை ஒன்று கையில் இருக்கும். பள்ளிக்கூடத்துக் கதவு எட்டரை மணிக்குப் பூட்டப்படும். குடைக்காரி தன் அம்மாவோடு எட்டு நாற்பதுக்கு வந்து சேருவாள். தாமதமாக வருகிற பிள்ளைகள் அலுவலக வாசல் பெஞ்சில் உட்கார வேண்டும். எட்டே முக்காலுக்கு ஆரம்பிக்கிற வாசிப்பு வகுப்பு முடிந்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். வருகைப் பதிவில் சிவப்பு மையில் ஒரு சுழி விழும். நூறு சிவப்பு விழுந்தால் அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளைக்கு இடமில்லை என்பது விதி. குடைக்காரிக்கு எண்பது விழுந்திருந்தது.

வக்கீலம்மாவுக்கு நெஞ்சு படபடத்தது. இரக்கத்தால்தான், கூடவே முதல் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரிந்துவிட்ட சந்தோஷத்தால்.

மறுநாளே விசாரணை தொடங்கியது. விசாரணை என்றால் யாரிடமாவது கேட்பது என்று நினைக்கிறீர்கள். அவள் முறை வேறு. பஸ்ஸில் வரும்போது சன்னல் வழியாகப் பார்த்தாள். கடைத்தெருவில் அம்மாவும் மகளும் ஒரே குடைக்குக் கீழே, ஏதோ ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் மாதிரி, ஒவ்வொரு கடை முன்னாலும் நின்று நின்று போய்க்கொண்டிருந்தார்கள். மகள் மேலே கையைக் காட்டி ஏதோ சொல்ல, அம்மா அண்ணாந்து பார்த்து வாயசைக்க, இருவரும் சிரித்தார்கள். பதிவேட்டில் ஏறியது: 'குடும்பத்தில் நேர உணர்வு இல்லை. வழியில் வேடிக்கை, வீண்பேச்சு.'

வகுப்பாசிரியையிடம் பேசினாள். அவர் இருபது வருடம் அனுபவம் உள்ளவர். நோட்டுத் திருத்துவதை நிறுத்தாமலே பேசுவார்.

"அந்தப் பொண்ணு வாசிப்பு வகுப்புக்கே வர்றதில்ல. ஆனா எப்படியோ நல்லா படிச்சுடுது. எப்படின்னுதான் எனக்கும் புரியல. அவங்கம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாரேன்."

"நான் பாத்துக்கறேன் டீச்சர்."

கேட்டுப் பார்க்கச் சொன்னார்; பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். இரண்டும் ஒன்றில்லை என்பது இருவருக்குமே அப்போது உறைக்கவில்லை.

பிறகு அவள் அலைந்த அலைச்சல் இருக்கிறதே! பள்ளி வேன் அந்தப் பக்கம் போகிறதா என்று டிரைவரிடம் விசாரித்து, போகிறது ஆனால் இடமில்லை என்று தெரிந்து, அப்படியானால் இரண்டு குண்டுப் பையன்களின் புத்தகப் பைகளை இருக்கையிலிருந்து கூரைக்கு மாற்றினால் ஒரு இடம் உண்டாகும் என்று அளந்து காட்டி, தலைமையாசிரியையின் அறைக்கு நான்கு முறை நடந்து, நான்காம் முறை அவர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டே "சரிம்மா, கட்டணம் வேண்டாம், போட்டுக்கோ" என்று சொல்லும்வரை விடாமல், ஒரே வாரத்தில் இலவச இடம் வாங்கிவிட்டாள். நீங்களும் நானும் இந்த உழைப்பு உழைப்போமா? மாட்டோம். சும்மா சொல்லக்கூடாது.

ஏழாவது கட்டம் மட்டும் பாக்கி. ஒரு நாள் காலையில் கதவருகே குடைக்காரியின் அம்மாவைப் பிடித்தாள். ஒல்லியான பெண், கையில் சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி வெளுத்த விரல்கள்.

"நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்கம்மா. எல்லாம் எழுதிட்டேன்."

"எழுதிட்டீங்களா?" என்றாள் அம்மா. முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம். "அந்தக் கதவு விஷயம்…"

"இனிமே கதவப் பத்தின பேச்சே இருக்காது. இங்க ஒரு கையெழுத்து."

அம்மா அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மூன்று எழுத்தை மெதுவாக, ஒவ்வொன்றாக, கோடு தாண்டாமல் எழுதினாள். மேலே காலியாக இருந்த கட்டத்தை வக்கீலம்மா அன்று சாயங்காலம் தானே நிரப்பினாள். அவர்கள் வாயால் வந்தால் பாதி விட்டுப்போகும், கோர்வையாக இருக்காது; மேற்பார்வையாளருக்குப் பிடிக்காது. தன் கையெழுத்தும் முத்து முத்தாக இருக்கும். பிறகென்ன?

திங்கட்கிழமை முதல் குடைக்காரி வேனில் வந்தாள். ஏழரைக்கு வேன் ஏறி, எட்டுக்கே பள்ளியில் இறங்கினாள். சிவப்புச் சுழி நின்றது. வாசிப்பு வகுப்பில் முதல் வரிசை. குடை மட்டும் மடக்கியபடி மடியில் இருந்தது.

"வேன் நல்லா இருக்குல்ல? சீக்கிரம் வந்துடுறல்ல? ஜாலிதானே?" என்று கேட்டாள் வக்கீலம்மா.

கவனியுங்கள், இது இந்த இனத்தின் தனித்திறமை. கேள்வியிலேயே பதிலையும் மடித்து வைத்துக் கொடுத்துவிடுவார்கள். எதிராளி தலையாட்டினால் போதும்.

"ஆமா டீச்சர்" என்றாள் குடைக்காரி. இரண்டாம் வகுப்புக் குழந்தை வேறு என்ன சொல்லும்?

செவ்வாய்க்கிழமை எட்டு நாற்பதுக்கு அந்த அம்மா கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று வக்கீலம்மா விரைந்து போனாள்.

"டீச்சர், வேன் வந்து…"

"பரவாயில்லம்மா, இது என் கடமை."

"இல்லீங்க, காலையில…"

"காலையில அவசரமே இல்ல இப்ப, பாத்தீங்களா!"

"நான் வீட்டுக்கு வர்றதுக்குள்ள அவ…"

"பத்திரமா வந்துடுறா. நான் பொறுப்பு."

மணி அடித்தது. அம்மா கம்பி வழியாக வகுப்பு இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனாள். புதனும் வந்தாள், வியாழனும் வந்தாள். வியாழக்கிழமை வாட்ச்மேன் கேட்டார்:

"ஏம்மா வக்கீலம்மா, அந்தம்மா மூணு நாளா என்னமோ சொல்ல வர்றாங்களே. என்னவாம்?"

"நன்றி சொல்றாங்க அண்ணே."

"நன்றி சொல்றவங்க மூஞ்சி அப்படியா இருக்கும்?"

அவள் சிரித்துக்கொண்டே உள்ளே வந்துவிட்டாள். ஆனால் அன்று மதியம் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. தெரிய விடவும் இல்லை.

பதிவேட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கூட்டம். தலைமையாசிரியையின் அறை, சுவரில் கால அட்டவணை, மேசைமேல் ஆளுக்கொரு டம்ளர் டீ. தலைமையாசிரியை, வகுப்பாசிரியை, கல்லூரியிலிருந்து வந்த மேற்பார்வையாளர். நாற்காலியின் நுனியில் அந்த அம்மா, அவளை ஒட்டிக் குடையோடு மகள். சாவிக்கொத்தைச் சுழற்றியபடி வாசலில் வாட்ச்மேன்.

மேற்பார்வையாளர் கையில் மதிப்பெண் தாளோடு பதிவேட்டைப் புரட்டினார். முகம் மலர்ந்தது. ஏழாவது கட்டத்துக்கு வந்ததும், "இது அருமையா இருக்கே, எல்லாரும் கேளுங்க" என்று உரக்கப் படித்தார்:

"'நேரத்தின் அருமை அறியாத குடும்பமாக இதுகாறும் இருந்துவிட்டோம். எங்கள் அறியாமை என்னும் இருளை அகற்ற வந்த பள்ளி வேனுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி. இனி எங்கள் மகள் காலத்தோடு பயணம் செய்வாள்.'"

தலைமையாசிரியை தலையசைத்தார். வகுப்பாசிரியை டீயைப் பார்த்தார். அந்த அம்மா மிகுந்த கவனத்தோடு கடைசிவரை கேட்டாள். பிறகு மரியாதையாகக் கேட்டாள்:

"நல்லா சொல்லியிருக்காங்க. யாரு சொன்னது?"

வாட்ச்மேன் சாவியைச் சுழற்றுவதை நிறுத்தினார்.

நம் வக்கீலம்மாவின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். நாக்கு நுனியில் பதில் தயாராக இருந்தது: 'அம்மா பதட்டத்துல மறந்துட்டாங்க, அவங்க சொல்ல வர்றது என்னன்னா…' அதைச் சொன்னால் தேர்ச்சி. பத்துக்குப் பத்து கூடக் கிடைக்கும். வகுப்பாசிரியை கூட, சமாளித்துவிடு என்பது போலக் கண்ணைக் காட்டினார். அவள் வாயைத் திறந்தாள். குடைக்காரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்து கிடந்த அப்பாவின் ஆடும் கை அவள் நினைவுக்கு வந்ததாம். வாழ்க்கையில் முதல் தடவையாக அது வலியின் அறிகுறி இல்லை, 'நிறுத்து' என்று அர்த்தம் என்பது அவளுக்குப் புரிந்தது.

"நான்தான் சொன்னேன் மேடம்" என்றாள். "நானே எழுதினேன். அவங்கள ஒரு வார்த்த கேக்கல."

அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டாள். மூடி வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது உதடு நடுங்கியதில் தெரிந்தது.

"நீங்க சொல்லுங்கம்மா" என்றார் தலைமையாசிரியை.

அந்த அம்மா மகளின் தோளில் கை வைத்துக்கொண்டாள்.

"ஆபீஸ் கட்டடத்துல சுத்தம் பண்ற வேலைங்க. ஆபீஸ் தெறக்கறதுக்கு முந்தி ஒரு வேலை, மூடுனதுக்கப்புறம் ஒரு வேலை. விடியறதுக்கு முன்ன போனா எட்டு மணிக்கு விடுவாங்க. ஓடியாந்து இவளக் கூட்டிக்கிட்டு நடப்பேன். சாயங்காலம் இவ வீடு வர்றதுக்குள்ள நான் கிளம்பியாகணும். திரும்பி வந்தா தூங்கிட்டிருப்பா. இவ அப்பா லாரியில, வாரத்துக்கு ஒரு நாள் வருவார். என் தங்கச்சிதான் சாப்பாடு போட்டுப் பாத்துக்கறா. எனக்கும் இவளுக்கும் இருக்கிறது காலையில நடக்கிற அந்த அரைமணி நேரம்தாங்க. இப்ப நான் வர்றதுக்குள்ள வேன் வந்து இவள ஏத்திக்கிட்டுப் போயிடுது. அஞ்சு நாளாச்சு, இவ முழிச்சிருந்து நான் பாக்கல."

அவளே தொடர்ந்தாள்.

"எனக்குப் படிக்க வராதுங்க. வழியில கடை போர்டெல்லாம் இவதான் எழுத்துக்கூட்டிச் சொல்லிக் குடுப்பா. நாலு மாசத்துல பாதிக் கடைத்தெருவ நான் படிச்சுட்டேன். பத்து நிமிஷம் கழிச்சுக் கதவப் பூட்டினாப் போதும்னு ஆபீஸ்ல கேட்டேன். எழுதிக் குடுன்னாங்க. எனக்கு எங்க எழுத வருது? இந்த டீச்சர் எழுதிட்டேன்னு சொன்னதும், அதத்தான் எழுதியிருக்காங்கன்னு நெனச்சுக் கையெழுத்துப் போட்டேன்."

வக்கீலம்மாவுக்கு அந்த இடத்திலேயே தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. பிளக்கவில்லை. நல்ல கெட்டியான சிமென்ட்.

தலைமையாசிரியை கால அட்டவணையை அண்ணாந்து பார்த்தார். எட்டரையிலிருந்து எட்டே முக்கால்வரை பெயர் கூப்பிடுவதைத் தவிர ஒன்றும் நடப்பதில்லை. இத்தனை வருடமாக அது அங்கேதான் மாட்டியிருந்தது.

"வாட்ச்மேன், கதவ எட்டே முக்காலுக்குப் பூட்டினா என்ன?"

"எட்டரைக்குப் பூட்டச் சொன்னாலும் நான்தான் பூட்டறேன், எட்டே முக்காலுக்குப் பூட்டச் சொன்னாலும் நான்தான் பூட்டப்போறேன். யாரும் கேக்கலீங்களே" என்றார் அவர்.

முடிந்தது காரியம். ஒரு டம்ளர் டீ ஆறும் நேரம்.

மேற்பார்வையாளர் என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? அவரும் அதே இனம்தான், ஆனால் மூத்தவர். மதிப்பெண் தாளில் எழுதினார்: 'முக்கியமான தருணத்தில் மாணவி குடும்பத்துக்காகப் பேசத் தவறினார். பெரும்பாலும் மௌனமாக இருந்தார். பத்துக்கு நான்கு.' ஏழாவது கட்டத்தையும் அடித்துவிட்டு, திருப்பி எழுதச் சொன்னார். அவள் பேசியதிலெல்லாம் உருப்படியான பேச்சு அன்றைக்குப் பேசியதுதான். அதற்குத்தான் மதிப்பெண் குறைந்தது.

மறுபடி எழுதினாள். அந்த அம்மாவை உட்காரவைத்து, அவள் சொன்னதைச் சொன்னபடி, 'பத்து நிமிஷம் கழிச்சுக் கதவப் பூட்டினாப் போதும்' என்று ஒரே வரி. கையெழுத்துக்கு நீட்டினாள். அம்மா பேனாவை வாங்கவில்லை. பதிவேட்டை மகள் பக்கம் திருப்பி, "படி" என்றாள். மகள் விரல் வைத்துப் படித்தாள். அம்மா அந்த விரலைப் பின்தொடர்ந்து தானும் ஒரு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தாள். அதன்பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். அவமானமாகத்தான் இருந்தது வக்கீலம்மாவுக்கு. அந்தப் பக்கத்தை மட்டும் அவள் இன்னும் வைத்திருக்கிறாள்.

அடியோடு திருந்திவிட்டாள் என்று நினைக்காதீர்கள். இப்போதெல்லாம் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும், யார் வாயைத் திறந்தாலும் குறுக்கே விழுந்து, "முதல்ல அவங்கள பேச விடுங்க, அவங்கள பேச விடுங்க" என்று கத்துகிறாள். அந்தச் சத்தத்தில் அவர்கள் பேசுவது யாருக்கும் கேட்பதில்லை. அப்பா மட்டும் பல் டாக்டரிடம் தனியாகப் போய் வருகிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் உங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம், பக்கத்தில் நின்ற உங்கள் மகளைக் காட்டி, "இவளுக்குக் கணக்குன்னா உசுரு" என்று சொன்னது யார்? ஓட்டலில் மாமனாருக்குச் சேர்த்து ஆர்டர் கொடுத்தது யார்? ஏன், இந்த வக்கீலம்மா மனதில் என்ன நினைத்தாள், எதற்கு உதடு நடுங்கினாள் என்று இவ்வளவு நேரம் நான் அளந்தேனே, அவளிடம் ஒரு வார்த்தை கேட்டேனா?

இப்போது நீங்கள் ஏதோ சொல்ல வாயெடுக்கிறீர்கள். 'நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை' என்பதுதானே? வேண்டாம், சிரமப்படாதீர்கள். உங்கள் சொந்த வார்த்தைகளில் நானே அழகாக எழுதி வைத்துவிட்டேன். கீழே ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கள்.